தண்ணீர், கரண்ட், மழை: பட்டை வரைபடத்தால் வீட்டுக் கணக்கு பார்க்கச் சில குறிப்புகள்

பெங்களூரில் குடித்தனம் செய்கிறவர்களுக்குக் கணக்குத் தாள்களுக்குப் பஞ்சமே இல்லை. பெஸ்காம் கரண்ட் பில், குடிநீர் வாரியத்தின் தண்ணீர் பில், டேங்கர் ரசீது, அபார்ட்மென்ட் சங்கத்தின் மெயின்டனன்ஸ் கணக்கு என்று மாதம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். தொகையைப் பார்த்துக் கட்டிவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். போன வருஷம் இதே மாதம் எவ்வளவு, எப்போதிலிருந்து கூடியது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. எண்களை நோட்டில் வரிசையாக எழுதி வைத்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. அவற்றையே பட்டைகளாக வரைந்தால் உடனே பிடிபடும். பள்ளியில் பட்டை வரைபடம் என்று படித்தோமே, அந்த பார் சார்ட்தான். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் போதும். ஆனால் தவறாக வரைந்த பட்டை, வெறும் எண்ணைவிட அதிகமாக ஏமாற்றும். அதனால் வரைவதற்கும், பிறர் வரைந்ததைப் படிப்பதற்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. பட்டை வரையும் முன் உங்கள் கேள்வியைத் தாளின் மேலே எழுதுங்கள். "ஏப்ரலில் நம் வீட்டுத் தண்ணீர்ச் செலவு ஏன் கூடுகிறது?" என்பது ஒரு கேள்வி. "எந்த அளவு டேங்கர் வாங்கினால் லாபம்?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே படம் உதவாது. கேள்வி இல்லாமல் வரைந்த படத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

2. பட்டை எப்போதும் சுழியத்திலிருந்து கிளம்ப வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு குடியிருப்பில் மார்ச் மாதம் 118 கிலோலிட்டர் தண்ணீரும் ஏப்ரல் மாதம் 124 கிலோலிட்டரும் செலவானதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்க அளவுக்கோட்டை 110-ல் தொடங்கி வரைந்தால் மார்ச்சின் பட்டை 8 கட்டம் உயரும், ஏப்ரலின் பட்டை 14 கட்டம் உயரும். பார்ப்பவருக்குச் செலவு இரண்டு மடங்கை நெருங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கூடியது ஐந்து சதவீதம்தான். எடைக்கல்லின் அடியைக் குடைந்துவிட்டு நிறுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பட்டையில் நம் கண் அளப்பது நீளத்தை. அடிப்பகுதியை வெட்டிவிட்டால் நீளம் பொய்யாகிவிடுகிறது. கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மதிப்புகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அளவுக்கோட்டைச் சுழியத்துக்கு மேலே தொடங்கிவிடுவது உண்டு. அச்சின் குறைந்தபட்ச மதிப்பை நீங்களே 0 என்று மாற்றிவிடுங்கள். சிறிய வேறுபாட்டைத்தான் காட்ட வேண்டும் என்றால் வேறுபாட்டையே தனியாகப் பட்டை போடலாம்: "மார்ச்சைவிட 6 கிலோலிட்டர் கூடுதல்" என்று. அது நேர்மையான வழி.

3. பட்டை எதை அளக்கிறது என்று கேளுங்கள். இதற்குக் காவிரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. நாம் குடிக்கும் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து மேலேற்றி அனுப்பப்படுகிறது. அதனால் காவிரியில் அதற்கு மேலே இருக்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர்மட்டத்தைப் பெங்களூர்க்காரர்கள் பேப்பரில் தேடிப் பார்ப்பார்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மா மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள். இரண்டுமே அடிக்கணக்கில்தான் முதலில் கண்ணில் படும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 60 அடி என்றால் பாதி அணை இருக்கிறது என்று நினைப்போம். அடிக்கணக்கில் பட்டை வரைந்தாலும் பாதி உயரம்தான் வரும். ஆனால் அப்போது அணையில் இருப்பது ஏறத்தாழ 25 டிஎம்சி, அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. பள்ளத்தாக்கு அடியில் குறுகி, மேலே போகப்போக விரிகிறது; ஆகவே மேலே உள்ள ஒவ்வோர் அடியும் கீழே உள்ள அடியைவிட அதிகத் தண்ணீரைத் தாங்குகிறது. 100 அடியிலிருந்து 120 அடி வரையிலான கடைசி இருபது அடியில் நிற்கும் தண்ணீர், அடியிலிருந்து 60 அடி வரை நிற்கும் மொத்தத் தண்ணீரைவிடக் கூடுதல். கிருஷ்ணராஜ சாகரிலும் இதே கதைதான். அதன் முழு உயரம் 124.80 அடி, கொள்ளளவு 49.45 டிஎம்சி, 100 அடியில் இருப்பது பாதியை ஒட்டிய அளவுதான். ஆகவே அணைகளை ஒப்பிடும் படம் எதைப் பார்த்தாலும், பட்டை அடியா டிஎம்சியா என்று முதலில் பாருங்கள். அடிப் பட்டை வறட்சியைக் குறைத்துக் காட்டும்.

வீட்டுச் சம்ப் விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. பக்கங்கள் நேராக இருக்கும் செவ்வகத் தொட்டியில் உயரம் பாதி என்றால் தண்ணீரும் பாதி. கோலை விட்டு அளந்து அப்படியே பட்டையாக வரையலாம். படுக்கை வாட்டத்தில் வைத்த உருளைத் தொட்டிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

4. விலையை ஒப்பிடும்போது ஓர் அலகுக்கு எவ்வளவு என்று வகுத்துவிட்டு வரையுங்கள். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது பெங்களூர் நகர மாவட்ட நிர்வாகம் தனியார் டேங்கர்களுக்கு விலை நிர்ணயித்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கர் 600 ரூபாய், 8,000 லிட்டர் 700 ரூபாய், 12,000 லிட்டர் 1,000 ரூபாய். இவற்றை அப்படியே மூன்று பட்டையாக வரைந்தால் படிக்கட்டு போல மேலே ஏறும். சின்ன டேங்கர்தான் மலிவு என்று தோன்றும். ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: 100 ரூபாய், 87 ரூபாய் 50 காசு, 83 ரூபாய் சில்லறை. இப்போது அதே மூன்று பட்டைகளும் கீழே இறங்குகின்றன. சம்ப்பில் இடம் இருந்தால் பெரிய டேங்கர்தான் கட்டுப்படியாகும். அரிசி மூட்டை, எண்ணெய் டின், சோப்புத் தூள் பாக்கெட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

5. மாதங்களுக்கு நாள்கள் சமமில்லை. பிப்ரவரிக்கு 28, மார்ச்சுக்கு 31. மீட்டர் பார்க்க வருகிறவரும் ஒரு மாதம் முன்னே பின்னே வரலாம். இரண்டு ரீடிங்குக்கும் இடையே எத்தனை நாள் என்று பில்லில் உள்ள தேதிகளைக் கொண்டு எண்ணி, யூனிட்டை அதனால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று வரைந்தால்தான் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியும். கேஸ் சிலிண்டருக்கு இதைத் திருப்பிச் செய்யலாம். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை நாள் வந்தது என்று தனித்தனிப் பட்டை. திடீரென்று ஒரு பட்டை குட்டையாக இருந்தால் உறவினர் வந்து தங்கிய மாதமா என்று யோசியுங்கள். இல்லையென்றால் டியூபையும் ரெகுலேட்டரையும் ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. எல்லைக்கோடு ஒன்றைக் குறுக்கே போடுங்கள். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டம் 2023-ல் வந்தபோது, வீட்டின் 2022-23ஆம் ஆண்டுச் சராசரிப் பயன்பாட்டோடு பத்து சதவீதம் சேர்த்து, அதிகபட்சம் 200 யூனிட் வரை இலவசம் என்று வைத்தார்கள். உங்கள் சராசரி 120 யூனிட்டாக இருந்தால் உரிமை அளவு 132. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு. 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். (குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குப் பத்து சதவீதம் என்பது மிகச் சொற்பமாக இருந்ததால், சராசரி 48 யூனிட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 10 யூனிட்டாகச் சேர்த்துத் தர 2024 ஜனவரியில் மாற்றினார்கள்.) பன்னிரண்டு மாதப் பட்டைகளை வரைந்து, உங்கள் உரிமை அளவில் ஒரு கோடு, 200-ல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் கோட்டைத் தொடுகிற மாதம், இரண்டாம் கோட்டை நெருங்குகிற மாதம் இரண்டும் பளிச்சென்று தெரியும். அநேகமாக ஏப்ரல், மே மாதங்களின் ஃபேனும் ஏசியும், டிசம்பர், ஜனவரியின் கீசரும்தான் காரணமாக இருக்கும். பெங்களூர்க் குளிரில் கீசரை அணைக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை வார்த்தையால் சொல்வதைவிட அந்தக் கோட்டைக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும்.

7. வரிசை எது என்று யோசித்துவிட்டு வரையுங்கள். மாதம், வயது, வகுப்பு ஆகியவற்றுக்குச் சொந்தமாக ஒரு வரிசை உண்டு, அதைக் கலைக்கக் கூடாது. மளிகை, பால், காய்கறி, ஸ்கூல் ஃபீஸ், மருந்து போன்ற செலவினங்களுக்கு அப்படி வரிசை கிடையாது. அவற்றை அகர வரிசையில் அடுக்காதீர்கள். பெரிய பட்டையிலிருந்து சின்ன பட்டை வரை அடுக்கினால் கை வைக்க வேண்டிய இடம் முதலிலேயே தெரிந்துவிடும்.

8. மழைப் பட்டையைக் கூரை லிட்டராக மாற்றுங்கள். சென்னையிலிருந்து குடிவந்தவர்கள் ஐப்பசி, கார்த்திகையை நினைத்துக்கொண்டே பெங்களூர் மழைக்குக் காத்திருப்பார்கள். இந்த ஊரின் பன்னிரண்டு மாதச் சராசரி மழையைப் பட்டையாகப் பார்த்தால் இரண்டு மேடுகள் தெரியும். மே மாதக் கோடை மழை ஒன்று. ஜூனில் சற்றுத் தணிந்து, பிறகு ஏறி, செப்டம்பரில் 200 மில்லிமீட்டரைத் தாண்டும் பெரிய மேடு மற்றொன்று. அக்டோபரிலும் நல்ல மழை உண்டு. ஜனவரிப் பட்டை பெயருக்குத்தான், சுமார் இரண்டு மில்லிமீட்டர்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 200 மில்லிமீட்டர் பெய்தால் அதன் மேல் விழுவது 18,600 லிட்டர்; ஐந்தில் நான்கு பங்கு பிடிபட்டாலே பதினைந்தாயிரம் லிட்டரை ஒட்டி வரும். 6,000 லிட்டர் டேங்கரில் இரண்டரை வண்டி. ஜனவரியில் அதே மாடியில் விழுவது இருநூறு லிட்டருக்கும் குறைவு. இப்படி மாதத்துக்கு ஒரு பட்டையாக வரைந்து, பக்கத்திலேயே வீட்டின் மாதத் தேவையையும் வரையுங்கள். தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த மாதம் டேங்கர் தேவைப்படும் என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். 2009-லிருந்தே பெங்களூரில் 2,400 சதுர அடிக்கும் மேற்பட்ட மனைகளில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கும், 1,200 சதுர அடிக்கும் மேற்பட்ட மனைகளில் கட்டும் புது வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாயைப் பதித்துவிட்டுப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மேடுகளுக்கும் முன்னால், ஏப்ரலில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் மாடியைக் கூட்டி, ஃபில்டரைக் கழுவி வையுங்கள்.

9. சராசரிப் பட்டை ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பெங்களூரின் ஆண்டுச் சராசரி மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2022-ல் 1,700 மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டி, அதற்கு முன் 2017-ல் ஏற்பட்டிருந்த சாதனையை முறியடித்தது. அடுத்த வருஷமே, 2023-ல், பருவமழை பொய்த்தது. அதன் விளைவைத்தான் 2024 கோடையில் அனுபவித்தோம். சராசரி சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சராசரி ஆண்டுதோறும் நம் சம்ப்பில் வந்து விழுவதில்லை. முடிந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிப் பட்டை போடுங்கள்.

10. மொத்தமும் பகுதியும் சேர்ந்து தெரிய வேண்டுமா? ஒரே பட்டையை அடுக்கடுக்காகப் பிரியுங்கள். 2024 மார்ச்சில் முதலமைச்சர் சித்தராமையா சொன்ன கணக்குப்படி நகரத்தின் தேவை நாளொன்றுக்கு 2,600 மில்லியன் லிட்டர். காவிரியிலிருந்து 1,470, போர்வெல்லிலிருந்து 650, மீதி சுமார் 500 தட்டுப்பாடு. ஒரே பட்டையில் மூன்று அடுக்காக வரைந்தால் பற்றாக்குறை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று தெரிந்துவிடும். அதே நேரத்தில் சொல்லப்பட்ட இன்னொரு எண், வற்றிப்போன போர்வெல் 6,900 என்பது. தனியாகப் பார்த்தால் அது பெரிதா சிறிதா என்று தெரியாது. மொத்தம் சுமார் 13,900 என்ற பட்டைக்குள் வைத்தால்தான் பாதி வற்றிவிட்டது என்ற கவலை புரியும். அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி நாளுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்தது. அதைப் பட்டையில் சேர்க்கும்போது திட்டத்தின் திறனை வரைகிறீர்களா, உண்மையில் குழாயில் வருவதை வரைகிறீர்களா என்று கீழே எழுதிவிடுங்கள்.

அடுக்குகள் மூன்று, நான்கோடு நிற்கட்டும். அதற்கு மேல் போனால் நடுவில் மாட்டிய அடுக்குகளைக் கண்ணால் ஒப்பிட முடியாது.

11. அகலம் சமமில்லாத பிரிவுகளில் கவனம் தேவை. பெங்களூரில் தனி வீடுகளுக்கான தண்ணீர்க் கட்டணப் பிரிவுகள் 0 முதல் 8 கிலோலிட்டர், 8 முதல் 25, 25 முதல் 50 என்று போகின்றன. ஒரு லேஅவுட்டில் முதல் பிரிவில் 16 வீடுகள், இரண்டாவதில் 34, மூன்றாவதில் 25 என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பட்டை போட்டால் நடுப் பிரிவில்தான் கூட்டம் என்று தோன்றும். ஆனால் முதல் பிரிவின் அகலம் 8, இரண்டாவதன் அகலம் 17, மூன்றாவது 25. வகுத்துப் பார்த்தால் கிலோலிட்டருக்கு 2 வீடு, 2 வீடு, 1 வீடு. நடுவில் கூட்டம் எதுவும் இல்லை. பிரிவு அகலம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளைகள் நிகழ்வுச் செவ்வகம் என்று படிப்பது இதைத்தான். அங்கே செவ்வகத்தின் பரப்புதான் எண்ணிக்கையைச் சொல்லும், பட்டைகளுக்கிடையே இடைவெளியும் இருக்காது.

12. ஆண்டு இடைவெளியைப் பாருங்கள். பெங்களூர் நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 1991-ல் 48.4 லட்சம், 2001-ல் 65.4 லட்சம், 2011-ல் 96.2 லட்சம். பத்துப் பத்து ஆண்டு இடைவெளி என்பதால் மூன்று பட்டைகளையும் சமதூரத்தில் நிறுத்துவது சரி. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் முதல் நாளை ஆதாரமாகக் கொண்டு நடப்பதால் நான்காவது பட்டைக்கு முன்னால் பதினாறு ஆண்டு இருக்கிறது. அதையும் அதே தூரத்தில் நிறுத்தினால் வளர்ச்சி திடீரென்று பாய்ந்தது போலத் தெரியும். இடைவெளியைப் பத்துக்குப் பதினாறு என்ற விகிதத்தில் கூட்டி வரையுங்கள்.

13. பெயர்கள் நீளமாக இருந்தால் பட்டைகளைப் படுக்கை வாட்டத்தில் போடுங்கள். "பொது இடப் பராமரிப்பு", "லிஃப்ட் சர்வீஸ்", "ஜெனரேட்டர் டீசல்" என்றெல்லாம் பட்டைக்கு அடியில் சாய்த்து எழுதினால் படிக்கிறவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

14. பட்டைக்குப் பதிலாகப் படம் வரைய ஆசைப்பட்டால் படத்தைப் பெரிதாக்காதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். டேங்கர் செலவு இரட்டிப்பானதைக் காட்ட டேங்கர் படத்தை உயரத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நாய்ராத் என்பவர் எழுத்தறிவு குறைந்த தொழிலாளர்களுக்கும் புள்ளிவிவரம் புரிய வேண்டும் என்று பாடுபட்டபோது இந்த விதியைத்தான் உறுதியாக வைத்துக்கொண்டார்: ஒரே அளவுப் படம், எண்ணுக்கு ஏற்ப அடுத்தடுத்து. மூன்று சிறு டேங்கர், ஆறு சிறு டேங்கர். நம் குடியிருப்பில் வேலை செய்கிற அக்காவும் செக்யூரிட்டி அண்ணாவும் கூட நின்று பார்த்துப் புரிந்துகொள்வார்கள். முப்பரிமாணப் பட்டைகளும் வேண்டாம். அவற்றின் உச்சி எங்கே முடிகிறது என்றே தெரியாது.

15. வட்ட வரைபடமா, பட்டையா? என் தீர்ப்பு பட்டைக்குத்தான். 1984-ல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இருவர், மனிதர்கள் படத்தைப் பார்த்து அளவை எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்று சோதித்து எழுதினார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் உச்சியை ஒப்பிடுவதில்தான் தவறு மிகக் குறைவு. கோணத்தை ஒப்பிடுவதில் அதிகம். மளிகைக்கு 23 சதவீதம், ஸ்கூல் ஃபீஸுக்கு 26 சதவீதம் என்றால் வட்டத்துண்டுகளில் எது பெரிது என்று தடுமாறுவோம். பட்டையில் தடுமாற மாட்டோம்.

16. நாள் விடாமல் ஓடும் கணக்குக்குக் கோட்டு வரைபடம் நல்லது. ஒன்றையொன்று ஒப்பிடும் கணக்குக்குப் பட்டை நல்லது. இந்த வேறுபாடு பட்டை பிறந்த கதையிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட வணிக அட்லஸில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியை ஆண்டுக்கு ஆண்டு ஓடும் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் கையில் இருந்தது. கோடு இழுக்க வழியில்லை. எனவே ஒவ்வொரு நாட்டோடும் நடந்த வணிகத்தைப் பட்டைகளாகப் போட்டார். அவருக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் இன்று உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது அந்தப் படம்தான். தினசரி ரத்தச் சர்க்கரைக்குக் கோடு, பன்னிரண்டு மாத பில்லுக்குப் பட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

17. நிறம் ஒன்று போதும். கவனிக்க வேண்டிய ஒரு பட்டைக்கு மட்டும் வேறு நிறம். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைக்காதீர்கள், இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அதிகமும் ஆண்கள். நோட்டீஸ் போர்டுக்கு ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தால் நிறத்தை நம்பாமல் பட்டைக்குள் சாய்கோடுகள் போடுங்கள்.

18. அபார்ட்மென்ட் கூட்டத்துக்கு வீடுவாரியாகத் தண்ணீர்ப் பட்டை வரைகிறவர்கள் இரண்டு விஷயம் செய்ய வேண்டும். முதலாவது, ஆள் கணக்கால் வகுப்பது. ஆறு பேர் இருக்கும் வீட்டின் பட்டை, தனியாக இருப்பவரின் பட்டையைவிட உயரமாகத்தான் இருக்கும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது, வீட்டு எண்ணையோ பெயரையோ போடாமல் இருப்பது. "உங்கள் வீடு எது என்று உங்களுக்கு மட்டும் தனியாகச் சொல்வோம்" என்று சொல்லிவிட்டால் போதும். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கும் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க வரைகிற படம் அண்டை வீட்டாரை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்கப் பயன்படக் கூடாது. இன்னொன்று: கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள். நாம் வாழும் ஊரின் மொழி அது, போர்டைப் படிக்கிறவர்களில் பலருக்கு அதுதான் எளிது.

19. மாற்றம் பலித்ததா என்று பார்க்க, பக்கத்து மாதத்தோடு ஒப்பிடாமல் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் குழாய்களில் தண்ணீர் வரத்தைக் குறைக்கும் ஏரேட்டர் பொருத்தச் சொன்னது. குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. ஏரேட்டர் போட்ட பிறகு ஜூன் மாதப் பட்டை ஏப்ரலைவிடக் குட்டையாக இருந்தால் அது ஏரேட்டரின் வேலையா, கோடை முடிந்ததாலா என்று சொல்ல முடியாது. போன ஜூனும் இந்த ஜூனும் ஜோடியாக நிற்கட்டும். அந்த மாதம் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், லீவுக்கு ஊருக்குப் போனீர்களா என்பதையும் பட்டைக்கு மேலே சின்னதாகக் குறித்துவையுங்கள்.

20. பிள்ளைகளுக்குக் கற்றுத்தர பால்கனியே போதும். கால் மணி நேரம் தெருவைப் பார்த்து, டூவீலர், கார், ஆட்டோ, பஸ் ஒவ்வொன்றையும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டால் எண்ணுவது சுலபம். பட்டை வரைந்தால் டூவீலர்தான் உயரும், பஸ் அடியில் கிடக்கும். இப்போது, பஸ்ஸுக்கு நாற்பது பேர், ஆட்டோவுக்கு இரண்டு பேர், காருக்கும் டூவீலருக்கும் கண்ணில் பட்டபடி என்று பெருக்கி, ஆள் கணக்கில் இன்னொரு படம் வரையச் சொல்லுங்கள். குட்டையாகக் கிடந்த பஸ் பட்டை எழுந்து நிற்கும். வண்டிகளை எண்ணுவதும் மனிதர்களை எண்ணுவதும் வேறு வேறு என்று பத்து வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டு தாள்களே சொல்லிக்கொடுத்துவிடும். இந்த ஊரில் ரோட்டை அகலப்படுத்துவதா, பஸ்ஸைக் கூட்டுவதா என்று பெரியவர்கள் நடத்தும் விவாதத்திலும் இதே இரண்டு படங்கள்தான் மோதுகின்றன.

21. ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள்: எண் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி வரை, என்ன அலகு. லிட்டரா கிலோலிட்டரா என்று எழுதாத பட்டையை ஆறு மாதம் கழித்து வரைந்தவராலேயே படிக்க முடியாது. டிவியிலோ வாட்ஸப்பிலோ வரும் பட்டைப் படத்தில் இந்த மூன்றும் இல்லையென்றால் அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

22. இந்த மாத பில்லைக் கட்டியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பில்களை அலமாரியில் தேடி எடுத்து, பன்னிரண்டு மாதம் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து கரண்டுக்கு ஒரு தாள், தண்ணீருக்கு ஒரு தாள் வரையுங்கள். வரைந்ததை ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிட்டு, அடுத்த பில் வரும் அன்றே பதின்மூன்றாவது பட்டையைச் சேர்த்துவிடுங்கள்.